கரண்டிக்குக் கலோரி தெரியாது

காலை ஏழு மணிக்கு நாகமலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாப் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளை ஷூ, கழுத்தில் துண்டு, கையில் படிகளை எண்ணுகிற வாட்ச் சகிதம் ஒரு பட்டாளமே வந்து இறங்கும். கீழக்குயில்குடி சாலையில் சமணர் மலை அடிவாரம் வரை வேகு வேகென்று நடந்துவிட்டு வந்தவர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த மலையில் சமண முனிவர்கள் வாயைக் கட்டித் தவம் இருந்தார்கள். நம் ஆட்கள் அடிவாரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, "மாஸ்டர், ரெண்டு உளுந்த வடை, ஒரு டீ. சக்கரை கம்மியா!"

நக்கலடிக்கவில்லை. அந்தப் பட்டாளத்தில் நானும் ஒருவன்.

முக்கால் மணி நேர நடையில் என்னை மாதிரி ஒரு நடுத்தர உடம்பு செலவழிப்பது ஏறக்குறைய 150-லிருந்து 200 கலோரி. இரண்டு வடையும் ஒரு டீயும் சேர்ந்தால் அது அப்படியே திரும்ப வந்துவிடும். வடை கொஞ்சம் பெரிசாக இருந்தால் வட்டியோடு. நான் பி.காம். படித்தவன். வரவும் செலவும் இப்படி நேராகிற கணக்கைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். வயிற்றைப் பார்த்தால்தான் சந்தோஷம் வரவில்லை.

போன வருஷம் வழக்கமான செக்கப்பில் டாக்டர், "ஆறு கிலோ குறைங்க சார். இல்லேன்னா அடுத்த தடவை மாத்திரையோடதான் அனுப்புவேன்" என்றார். வீட்டுக்கு வந்து, கையோடு ஒரு படத்தை அச்செடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இந்த வாரம் விமர்சனம் அந்தப் படத்தைப் பற்றித்தான். சினிமாப் படம் இல்லை. சாப்பாட்டுத் தட்டுப் படம்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது. மொத்தம் 17 அறிவுரைகள். கூடவே 'இன்றைய என் தட்டு' என்று ஒரு படம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். அவ்வளவுதான்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். இது நேர்மையான படம். அரிசியை விஷம் என்று திட்டவில்லை. வெண்டைக்காய்த் தண்ணீரில் சர்க்கரை ஓடிப்போகும் என்று புளுகவில்லை. இந்தியர்களின் கலோரியில் 50-லிருந்து 70 சதவிகிதம் வரை தானியத்திலிருந்தே வருகிறது, அதை 45-க்குள் கொண்டு வாருங்கள், அந்த இடத்தில் பருப்பும் காயும் வரட்டும் என்கிறது. டெலிவிஷனில் டயட் சொல்கிற பலரைவிட நூறு மடங்கு மேல்.

அப்படியானால் குறை என்ன? அந்தத் தட்டை வரைந்தவர் நம் வீட்டில் ஒரு வேளைகூட சாப்பிட்டதில்லை. அதுதான் குறை.

படத்தில் தட்டு ஒரே தடவையில் நிரம்பிவிடுகிறது. காய் இத்தனை பாகம், தானியம் இத்தனை பாகம் என்று அழகாகப் பிரித்திருக்கிறார்கள். மதுரைச் சாப்பாடு ஒரே படத்தில் அடங்குகிற சமாச்சாரமா? முதலில் சாம்பாருக்கு ஒரு சோறு. அப்புறம் ரசத்துக்கு. கடைசியில் மோருக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு என்று ஒரு முன் ரவுண்டு வேறு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் சட்டியில் கரண்டி போகும். மோருக்கு வரும்போது நாம் எத்தனை கரண்டி வாங்கினோம் என்பது பரிமாறினவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. மீல்ஸ் ஹோட்டல் போர்டைப் பாருங்கள். 'அளவுச் சாப்பாடு' என்றால் விலை கம்மி அயிட்டம். அளவோடு சாப்பிடுவது நமக்குக் கையில் காசில்லாதபோது செய்கிற காரியம்.

பாஷையே நமக்கு எதிராக வேலை செய்கிறது. 'சாப்பாடு' என்றால் சோறு. மற்றதெல்லாம் 'தொட்டுக்க'. 400 கிராம் காயைத் தொட்டுக்கொள்ள முடியுமா? உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இன்னொரு வேடிக்கை, அமாவாசை ராத்திரி. "இன்னிக்கு ஒரு பொழுது, ராத்திரி சோறு கிடையாது, பலகாரம்தான்" என்று பயபக்தியோடு ஆறு இட்லி உள்ளே போகும். இட்லி என்ன பஞ்சிலா செய்கிறார்கள்? அதுவும் அரிசிதான். சர்க்கரை வந்தவர்கள் ராத்திரி சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவார்கள். நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. 100 கிராம் அரிசியை எடுத்தாலும் கோதுமை மாவை எடுத்தாலும் 320-லிருந்து 360 கலோரிக்குள்தான். கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் அதிகம் என்பது வாஸ்தவம். அதற்காக நாலு சப்பாத்திக்கு லைசென்ஸ் கிடைக்காது.

250 கிராம் தானியம் என்றால், காலை நாலு இட்லி, ராத்திரி மூன்று தோசை போக, மத்தியானத்துக்கு மிஞ்சுவது சுமார் 100 கிராம் அரிசி. வெந்தால் ஒரு நடுத்தரக் கிண்ணம். அந்த ஒரு கிண்ணத்தைத்தான் சாம்பார், ரசம், மோர் மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இதை அந்தப் படம் நமக்குச் சொல்லவே இல்லை.

இரண்டாவது குறை, கிராம். எங்கள் வீட்டில் தராசு கிடையாது. டம்ளர் இருக்கிறது, கரண்டி இருக்கிறது, "கை கணக்கு" இருக்கிறது. எண்ணெய் 27 கிராம் என்று எழுதினால் தாளிக்கிற அவசரத்தில் யார் நிறுத்துப் பார்ப்பார்கள்?

இங்கேதான் பி.காம். கை கொடுத்தது. தினசரிக் கணக்கை விட்டுவிட்டு மாசக் கணக்குக்குப் போனேன். மளிகைச் சிட்டையை எடுத்தேன். எங்கள் வீட்டில் நாலு பேர். நான், மனைவி, அம்மா, காலேஜ் போகிற பையன். தட்டுப்படி பார்த்தால் நாலு பேருக்கு மாசம் 30 கிலோ தானியம். நாங்கள் வாங்கியது சாப்பாட்டு அரிசி, இட்லி அரிசி, கோதுமை, ரவை, சேமியா எல்லாம் சேர்த்து 42 கிலோ. எண்ணெய் தட்டுப்படி மூன்றரை லிட்டர். நாங்கள் ஆறு. பருப்பு பத்து கிலோ வர வேண்டும். நாங்கள் ஐந்து. காய்கறி 48 கிலோ! நாங்கள் வாங்கியது இருபதைத் தாண்டவில்லை. அதில் கால்வாசி வெங்காயம்.

யாருடைய தட்டையும் எட்டிப் பார்க்காமலே மொத்த வண்டவாளமும் ஒரு சிட்டையில் வந்துவிட்டது. இந்த வாரமே உங்கள் வீட்டுச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். தலைக்கு மாசம் ஏழரைக் கிலோ தானியம், முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய், 12 கிலோ காய். இந்த மூன்று நம்பர் போதும். கலோரி அட்டவணையே வேண்டாம்.

டீ, காபி கணக்கையும் இப்படியே பிடிக்கலாம். தினம் நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சீனி. ஒரு ஆள் மாசத்துக்கு 1.2 கிலோவை டீயிலேயே கரைத்துக் குடிக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்றது. அதாவது ஸ்வீட், பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் சேர்த்து.

கலோரி எண்ணும் மொபைல் ஆப் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. "தினம் ஒரு இட்லியைக் குறைத்தால் வருஷத்துக்கு 2.4 கிலோ இறங்கும்" என்று அது கணக்குப் போடும். 1958-ல் மாக்ஸ் விஷ்நோஃப்ஸ்கி என்ற அமெரிக்க டாக்டர் ஒரு பவுண்ட் எடைக்கு 3500 கலோரி என்று எழுதினார். அந்தச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போடுகிற கணக்கு இது. அப்படியே நீட்டிப் பாருங்கள். முப்பது வருஷம் ஒரு இட்லி குறைத்தால் 70 கிலோ ஆள் காணாமலே போய்விடுவார்! நடப்பது வேறு. எடை குறையக் குறைய உடம்பு தன் செலவையும் குறைத்துக்கொள்கிறது. கொஞ்ச நாளில் தராசு முள் ஓரிடத்தில் நின்றுவிடும். ஆள் ஏமாற்றவில்லை, சூத்திரம்தான் அரைகுறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் "என்னால முடியலீங்க" என்று பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர்!

இனிமேல் சொல்லப் போவது எங்கள் வீட்டு விஷயம். எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க, நாலு வீட்டுல பார்க்கட்டும்" என்றாள்.

பிரிட்ஜில் படத்தை ஒட்டிய மூன்று மாசத்தில் நான் நாலு கிலோ இறங்கினேன். பேன்ட் தொளதொளத்தது. ஆபீஸில் டீ வாங்கிக் கொடுத்தார்கள் (சக்கரை இல்லாமல்). அந்தப் பெருமையில் மனைவியையும் செக்கப்புக்கு அழைத்துப் போனேன். இரண்டு கிலோ ஏறியிருந்தாள். மூன்று மாச சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் டெஸ்டில் 6.1. சர்க்கரை நோய்க்கு முந்தின ஸ்டேஷன்.

"என்னம்மா, அவர் குறைச்சுட்டார், நீங்க ஏத்திட்டீங்க?" என்று டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ராத்திரி கேட்டேன். "மூணு மாசமா நீ என்ன சாப்பிடுற?"

"புதுசா என்னத்தைச் சாப்பிடுறேன்? மிச்சத்தைத்தான்."

"என்ன மிச்சம்?"

"ஏங்க, நீங்க ரெண்டு கரண்டி குறைச்சுட்டீங்க. சட்டியில குறைச்சோமா? அதே மூணு டம்ளர் அரிசிதான தினம் போடுறேன். மிஞ்சுறதைக் கொட்டவா முடியும்? அத்தை பார்த்துக்கிட்டே இருக்காங்க."

காமர்ஸ் முதல் வருஷம், முதல் பாடம் இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். என் கணக்கிலிருந்து தள்ளிய இரண்டு கரண்டி எங்கே போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. அது அவள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. எடை ஏறினதற்கு அது மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வயசு இருக்கிறது, ஹார்மோன் இருக்கிறது. ஆனாலும் தினம் மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்து சட்டியை வழிக்கிறவள் என் வீட்டில் இருக்கிறாள் என்பது, இருபது வருஷமாக அதே வீட்டில் இருக்கிற எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதே ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2110 கலோரி. பெண்ணுக்கு 1660. நானூற்றைம்பது கம்மி. கம்மியாகத் தேவைப்படுகிறவர்தான் மிச்சத்தையெல்லாம் சாப்பிட்டு முடிக்கிறார். பையன் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, டிபன்பாக்ஸில் திரும்பி வந்த லெமன் சாதம், மாமியார் வேண்டாமென்ற ஒரு கரண்டி உப்புமா. எந்த ஆப்பும் இதை எண்ணுவதில்லை. அவளே எண்ணுவதில்லை. கேட்டால் "நான் காலையில ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன்" என்பாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மை.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவிகிதம் பேர் அதிக எடை. 2019-21-ல் அது 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37. இரண்டு பேரும் ஏறுகிறோம், பெண்கள் முன்னால் போகிறார்கள். இதற்கு நூறு காரணம் உண்டு. சட்டி வழிப்பது அதில் ஒன்றாக இருக்காது என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

அப்படியென்றால் தப்பு எங்கம்மா மேலேயா? அவளையும் கேட்டுவிடுவோம்.

"ஏய்யா, ஒரு கரண்டி சோத்துல என்னய்யா வந்துறப் போகுது? நாங்கல்லாம் அரிசிக்கு அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்ச காலம் உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். 1960-களின் நடுவில் இந்த மாநிலத்தில் அரிசிப் பஞ்சம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது எவ்வளவு பெரிய வாக்குறுதி என்று பெரியவர்களைக் கேளுங்கள். அன்றைக்கு வரிசையில் நின்ற பன்னிரண்டு வயசுப் பெண்தான் இன்றைக்குக் கரண்டியோடு என் பக்கத்தில் நிற்கிறாள். "போதும்மா" என்றால் அவள் காதில் "இல்லை" என்று விழுகிறது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். தட்டுப் படம் போட்ட அந்த நிறுவனம் பிறந்தது ஹைதராபாத்தில் இல்லை, நம் குன்னூரில். 1918-ல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்கேரிசன் தொடங்கிய ஆராய்ச்சி அது. 1958-ல்தான் ஹைதராபாத்துக்குக் குடிபோனது. மெக்கேரிசன் எலிகளைப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் திமுதிமுவென்று வளர்ந்தன. கடைசி இடம் மதராஸ் சாப்பாட்டு எலிகளுக்கு. சோறு அதிகம், மற்றதெல்லாம் கம்மி. அன்றைக்கு அந்தச் சாப்பாடு எலியை நோஞ்சானாக்கியது. இன்றைக்கு அதே சாப்பாடு, அளவு கூடி, எண்ணெயும் சீனியும் சேர்ந்து, உழைப்பும் குறைந்துபோய் நம்மைத் தொப்பையாக்குகிறது. நோஞ்சானுக்கும் தொப்பைக்கும் ஒரே தட்டு. அதில் அன்றைக்கும் காய் இல்லை, இன்றைக்கும் காய் இல்லை.

இதில் சர்க்காருக்கும் பங்கு உண்டு. 2011-லிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதைக் குறை சொல்கிறவன் பசியைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் 2022 செப்டம்பரில் தொடங்கி வைத்ததும் நம் மதுரையில்தான். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் இருந்ததால்தானே? ஆனால் ஒரு கையால் அரிசியைச் சும்மா கொடுத்து, ரேஷனில் பாமாயிலையும் மலிவாகக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் "அரிசியையும் எண்ணெயையும் குறை, காயைக் கூட்டு" என்று படம் காட்டினால் எப்படி? காய் மட்டும் சந்தை விலைக்கு. நாலு பேருக்குத் தினம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய் என்பது சம்பளக்காரனான எனக்கே யோசனையாக இருக்கிறது. தினக்கூலி வீட்டில் அந்தப் படத்தை ஒட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. தட்டுப் படத்தில் கிராம் இருக்கிறது, விலை இல்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பெரிய புரட்சி ஒன்றுமில்லை.

முதலில் சட்டியில் கை வைத்தோம். மூன்று டம்ளர் அரிசி இரண்டே கால் ஆனது. மிஞ்சினால் அல்லவா யாராவது தின்ன வேண்டும்? இரண்டாவது, சோற்றுச் சட்டி அடுப்படியிலேயே இருக்கும். சாப்பிடுகிற இடத்துக்கு வருவது காய்ச் சட்டி. இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். நம் சோம்பேறித்தனத்தை முதல் தடவையாக நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினேன். மூன்றாவது, தட்டில் முதலில் விழுவது பொரியலும் கூட்டும். பாதியைத் தின்ற பிறகுதான் சாம்பார். ரசத்தைச் சோற்றில் விடாமல் டம்ளரில் குடித்துவிடுகிறோம். ஒரு ரவுண்டு மிச்சம். காய் 48 கிலோவை எட்டவில்லை. முப்பதுக்கு வந்திருக்கிறோம், கீரையும் சுரைக்காயும் பூசணியும் புண்ணியம் கட்டிக்கொண்டன. எண்ணெய் மாசத்துக்கு நாலு லிட்டர்தான், தீர்ந்தால் அடுத்த மாசம்தான் என்று சிட்டையிலேயே எழுதியாயிற்று. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் வடை, அப்பளம் தானாக நின்றுவிடுகிறது.

நாலாவதுதான் கஷ்டம். மத்தியானம் ஆபீஸ், காலேஜ் என்று ஆளுக்கொரு பக்கம். அதனால் ராத்திரி எட்டரைக்கு நாலு பேரும் ஒன்றாக உட்காருவது என்று முடிவு செய்தோம். மனைவியும் சேர்ந்துதான். தோசை சுடுகிறவள் எப்படி உட்காருவாள் என்றால், பையன் இரண்டு சுடுகிறான், நான் இரண்டு சுடுகிறேன். என் தோசை இலங்கை மேப் மாதிரி வருகிறது. ஆனால் எண்ணெய் கம்மி.

ஆறு மாசம் கழித்து மறுபடி டெஸ்ட். எனக்கு ஒரு கிலோ திரும்ப ஏறியிருந்தது. முதலில் இறங்கிய வேகத்தில் அது வருமென்று தெரியும். மனைவிக்கு 6.1 என்பது 5.8. ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். அவள் எடை அப்படியேதான் நிற்கிறது. ஏறவில்லை.

ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பதிப்பில் தட்டோடு ஒரு சட்டியையும் வரையுங்கள். டம்ளர் கணக்கில், மாசச் சிட்டைக் கணக்கில் போடுங்கள். ஓரத்தில், 'இந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?' என்று ஒரு கேள்வியும் அச்சடியுங்கள்.

பிரிட்ஜிலிருந்த படத்தைக் கிழிக்கவில்லை. பக்கத்தில் மளிகைச் சிட்டையை ஒட்டியிருக்கிறேன். அம்மா மட்டும் இன்னும் முழுசாக மாறவில்லை. நேற்றுகூட, "அரைக் கரண்டி போடவாய்யா?" என்றாள். முன்னெல்லாம் கேட்கவே மாட்டாள், போட்டுவிடுவாள்.